அடித்தகடு

உலகத்தில் உள்ள தகரத்துக்கெல்லாம் ஒரே ஒரு கடமைதான் உண்டு. அது ஒழுகாமல் இருப்பது. நிசார் அகமது இதை முப்பத்திரண்டு வருடமாகச் சொல்லி வருகிறார். சிரிக்காமல் சொல்வார். பென்னாகரம் ரோட்டில் அவருடைய பட்டறையில் பிறந்த வாளியோ, புனலோ, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியோ, கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் பிடிக்கும் தகரமோ இன்றுவரை ஒரு சொட்டு விட்டதில்லை. தர்மபுரிப் பக்கம் மழை பெய்வதே அபூர்வம் என்பதால் அந்தக் கூரைத் தகரங்களுக்குப் பாதிப் பெருமைதான் கொடுக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் பிளாஸ்டிக் வாளி வாங்குகிறவர்கள். அவர்கள் பேச்சை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"என் பத்து பிரிஞ்சதா சரித்திரம் கெடையாது," என்பார். இரண்டு தகட்டின் விளிம்பை மடித்துக் கோத்து, நவச்சாரம் தேய்த்து, காய்ச்சிய இரும்பால் ஈயத்தை உருக்கி இழுத்து விடுகிற இணைப்புக்குத்தான் பற்று என்று பெயர்; அவர் வாயில் அது பத்து. "கப்பலுக்கு நா பத்து வெச்சிருந்தா ஒரு கப்பலும் முழுகியிருக்காது." தர்மபுரியில் கடல் இல்லாததால் இதை யாரும் சோதித்துப் பார்க்க முடியவில்லை.

இந்தக் கடமையில் நம்பிக்கை இல்லாத ஆள் அவர் வீட்டிலேயே இருந்தான். மனைவி பரிதாவின் தம்பி பக்ருதீன். பரிதா கல்யாணமாகி வந்தபோது தாயில்லாத ஒன்பது வயதுத் தம்பியையும் கையோடு கூட்டி வந்தாள். சீராக வந்த சாமான்களில் இன்னும் நெளியாமல் இருப்பது அவன் ஒருவன்தான் என்று நிசார் கேலி பேசுவார். இப்போது நாற்பத்தொரு வயது. சிவாடிப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் வேலை. ரயில் வந்தால் கேட்டைச் சாத்துவான், போனால் திறப்பான். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் ரயில் வராமலே சாத்திவிடுவான்.

அவன் மூன்று வருடமாக ஒரு நீராவி எஞ்ஜின் செய்துகொண்டிருந்தான். இந்த வழியில் முன்பு மீட்டர் கேஜில் ஓடிய கறுப்பு எஞ்ஜின். அசலில் ஒரு அடி என்றால் இவனிடம் அரை அங்குலம். கடையில் வாங்கிய ஒரு துண்டுகூட அதில் கிடையாது. பித்தளைத் தகடு, எண்ணெய் டின், செம்புக் குழாய், அவ்வளவுதான். ஒவ்வொரு சக்கரமும் ஆறு தகட்டை அடுக்கிப் பற்றவைத்து அரத்தால் தேய்த்தது. ஒரு சக்கரத்துக்கு ஒரு மாதம் ஆகும். அசல் எஞ்ஜின் ஓடுவதை அவன் நேரில் பார்த்தது ஊட்டி மலையில் ஒரே தடவை. அன்றும் கூட்டம் மறைத்துக்கொண்டது. மற்றதெல்லாம் போனில் வெளிநாட்டுக் கிழவர்கள் செய்து காட்டும் வீடியோக்களில் படித்தது.

மாசி மாதத்து வெயில் பட்டறைக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பக்ருதீன் மூலையில் உட்கார்ந்து ஒரு பித்தளைத் தகட்டைக் குப்புறப் போட்டு, மழுங்கின ஊசியை வைத்துச் சின்ன மரச்சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தான். டொக். ஊசியை நகர்த்துவான். டொக்.

நிசார் எட்டிப் பார்த்தார். "மாப்ளே, இதுல என்னா கடுகு ஒட்டியிருக்குது?"

"ரிவெட்டு மச்சான். பின்னாடியிருந்து தட்டுனா முன்னாடி பொடைக்கும். பாக்கறதுக்கு ஆணி அடிச்ச மாதிரி இருக்கும்."

"பொய் ஆணி."

"பொய் ஆணிதாங்க."

"எந்த எடத்துத் தகடு இது?"

"டெண்டருது. எஞ்ஜினுக்குப் பின்னாடி தண்ணியும் கரியும் தூக்கிட்டு வருமே, அந்தப் பொட்டி. அதோட அடித்தகடு."

"அடின்னா? தண்டவாளத்தப் பாத்துட்டு இருக்கற பக்கமா?"

"ஆமாங்க."

"எத்தினி?"

"நாப்பத்தொம்போது ஆச்சு. மொத்தம் எரநூத்திப் பதினாலு."

நிசார் கையிலிருந்த கத்திரியைக் கீழே வைத்தார். ஒரு மனிதன் புத்தி பேதலிக்கும்போது பக்கத்தில் இருக்கிறவன் வேலையை நிறுத்துவது மரியாதை. "அடியில யாரு பாக்கப் போறா? எறும்பு பாக்குமா?"

"அசல்ல இருக்குது மச்சான்."

"அசல்ல ஆயிரம் பேரு ஏறிப் போனாங்க. இதுல யாரு ஏறப் போறா, உங்கக்காவா?" உள்ளேயிருந்து பரிதா, "என்ன எதுக்கு இழுக்கறீங்க" என்றாள். வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருந்தது; பேச்சுக்குச் சுவர் கிடையாது. நிசார் விடவில்லை. "மொதல்ல இது ஓடுமான்னு பாரு. ஓடாத வண்டிக்கு அடியில பொட்டு வெச்சா என்னா, வெக்காட்டி என்னா? ஓட்டிக் காட்டு, அப்பறம் எறும்புக்கு அலங்காரம் பண்ணு."

பக்ருதீன் சிரித்துக்கொண்டே தகட்டைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தான். அவன் எதற்கும் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை. ரயில் வரும்போது கேட் முன்னால் ஹார்ன் அடித்துத் திட்டுகிற லாரிக்காரர்களிடம் பதினைந்து வருடமாகப் பழகிய குணம். டெண்டர் அப்படியே நின்றது. பாய்லரைக் கையில் எடுத்தான்.

பாய்லர் என்பது ஒரு சாண் நீளச் செம்புக் குழாய். இரண்டு பக்கமும் வட்டத் தகடு வைத்து மூட வேண்டும். அதற்குள் தண்ணீர் கொதித்து, ஆவி அழுத்தி, சக்கரத்தைத் தள்ள வேண்டும். இந்த இணைப்புக்கு ஈயம் ஆகாது, வெள்ளி கலந்த கம்பியை உருக்கித்தான் வைக்க வேண்டும் என்று பக்ருதீன் சொன்னான். சேலத்திலிருந்து கம்பி வாங்கி ஒரு தீப்பெட்டிக்குள் சுருட்டி வைத்திருந்தான். நகைப் பட்டறை குரு ஆசாரியிடம் பேசியிருந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து ஊதுகுழலால் வைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

நிசாருக்கு இதில் தூக்கம் போயிற்று. தன் பட்டறையில், தன் அடுப்புக்குப் பக்கத்தில், மூக்குத்தி செய்கிறவன் வந்து உட்கார்ந்து பற்று வைப்பதா? பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

"செம்புக்கு வெள்ளி நகை போடறானாம் உந்தம்பி," என்று பரிதாவிடம் சொன்னார்.

"அவன் வேல. அவனுக்குத் தெரியும்."

"தண்ணி கொதிக்கற ஒரு குழாய். முப்பத்திரண்டு வருசமா வெந்நீர் தவல செஞ்சிருக்கறேன், ஒண்ணு விட்டுருக்குதா?"

"வுட்டதில்ல. அதுக்கென்ன இப்ப?"

அதற்கென்ன என்று அவருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பக்ருதீன் கேட்டுக்குப் போனதும் குருவுக்கு போன் செய்து, அவன் வேறு இடத்தில் வைத்துக்கொள்கிறானாம், வர வேண்டாம் என்றார். ஜும்மாத் தொழுகை முடிந்து வந்து கரியைப் போட்டு இரும்பைக் காய்ச்சினார். நவச்சாரப் புகை எழுந்தது. ஈயம் பாதரசம்போல் ஓடி விளிம்பைச் சுற்றி வளையமாக நின்றது. வாழ்நாளில் அவர் வைத்த பற்றுகளில் அதுதான் அழகு. அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்ததில் அவருக்கு வருத்தம். வெள்ளிக் கம்பி இருந்த தீப்பெட்டியை மேசை டிராயரில் போட்டு மூடினார். எஞ்ஜின் ஓடிய பிறகு எல்லார் முன்னாலும் அதைத் திறந்து காட்டுவது அவர் திட்டம். என்ன பேச வேண்டும் என்பதுகூடத் தயாராக இருந்தது.

சாயங்காலம் பக்ருதீன் வந்தான்.

"குரு வெச்சிட்டுப் போய்ட்டான். கறுப்பு நான் அடிச்சேன்," என்றார் நிசார்.

அவன் பாய்லரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டை விரலால் விளிம்பை ஒருமுறை சுற்றித் தடவினான்.

"நல்லாருக்கு மச்சான்," என்றான்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லையும் முருங்கை மரத்தையும் சுற்றிப் பலகை போட்டு அலுமினியப் பட்டையால் தண்டவாளம். பரிதா அன்றைக்குத் துணி துவைக்கும் உரிமையை விட்டுக்கொடுத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்ருதீன் பாய்லரில் தண்ணீர் ஊற்றி அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினான். டெண்டர் இல்லாததால் வழியில் தண்ணீர் ஏற்ற வழி கிடையாது, ஊற்றின தண்ணீர்தான். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நிசார் வாய் திறக்கப் போன நேரத்தில் எஞ்ஜின் ஒரு தும்மல் போட்டது. பிறகு இன்னொன்று. பிறகு அது நகர்ந்தது.

துவைக்கிற கல்லைச் சுற்றி, முருங்கை நிழலுக்குள் போய், வெளியே வந்து, சக்கரக் கம்பிகள் முழங்கால் மடக்குவதுபோல் மடங்கி நீண்டு, புஸ் புஸ்ஸென்று அது வந்தது. பரிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்ருதீன் பின்னாலேயே குனிந்தபடி நடந்தான், கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு போகிறவன்போல.

நிசார் அகமது தெருவுக்கு ஓடினார். ஐம்பத்தாறு வயதில் அவர் ஓடி அந்தத் தெரு பார்த்ததில்லை. "வாங்க, வாங்க, எங்கூட்டுப் பையன் ரயில் வுட்டுருக்கறான்" என்று டீக்கடையில் இருந்தவர்களையும், பக்கத்து வீட்டு சகாயமேரி டீச்சரையும், நெல்லுக்குத் தகரக் குதிர் வாங்க வந்து பட்டறை வாசலில் நின்றிருந்த நல்லம்பள்ளி தீர்த்தகிரியையும் இழுத்து வந்தார். மூன்றாம் சுற்று முடிந்திருந்தது.

"போதும் மச்சான். தண்ணி எறங்கியிருக்கும்," என்றான் பக்ருதீன்.

"தீர்த்தகிரி இப்பத்தாண்டா வந்தாரு. அவருக்கு ஒரு வாட்டி."

"வேணாங்க பாய், இன்னொரு நா பாத்துக்கறேன்," என்றார் தீர்த்தகிரி.

"இருங்கறேன். ஒரே சுத்து. சுத்து முடிஞ்சதும் ஒண்ணு காட்டறேன் உங்களுக்கெல்லாம்." சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது.

பக்ருதீன் அவரைப் பார்த்தான். சரி என்று தலையாட்டினான். எஞ்ஜின் நான்காவது முறை முருங்கை நிழலுக்குள் போனபோது, தண்ணீர் மட்டம் காட்டும் சின்னக் கண்ணாடிக் குழாயைப் பார்ப்பதற்காக முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனான்.

பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. இட்லிப் பானை மூடியைத் திறந்தால் வருகிற அளவுதான். வட்டத் தகடு கழன்று முருங்கை மரத்தில் பட்டு விழுந்தது. எஞ்ஜின் நின்றுவிட்டது. பக்ருதீன் இரண்டு கையாலும் முகத்தை மூடி மண்டியிட்டு உட்கார்ந்தான். "அக்கா," என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

இடது கண் அந்த வாரமே போய்விட்டது. வலது கண்ணில் வெள்ளைப் படலம். மருந்து விட்டுக்கொண்டே வாருங்கள், பார்க்கலாம் என்று சேலத்துக் கண் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ரயில்வேயில் லீவ் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் நாலு வேளை சொட்டு மருந்து பரிதாவின் வேலை. மருந்து விடும்போது அவள் எஞ்ஜினைத் திட்டுவாள்.

"அந்த முண்டத்தக் கொண்டுபோய் பழைய இரும்புக்குப் போடுங்க. என் கண்ணுல காட்டாதீங்க. எந்நேரமும் அத மடியில வெச்சிக் கொஞ்சிக்கிட்டு இருந்தான். அது செஞ்ச வேலயப் பாருங்க."

"போட்டுர்றேன்," என்பார் நிசார். போடவில்லை. விற்காமல் நின்ற ஒரு குதிருக்குள் கோணி சுற்றி வைத்து மூடினார். நெல் கொட்டினால் எலி போகாத, தண்ணீர் கொட்டினால் சொட்டு வராத குதிர் அது.

நடுவில் குரு ஆசாரி ஒருநாள் பட்டறைக்கு வந்தார். பக்ருதீனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், மேசை மேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த அந்த வட்டத் தகட்டைக் கையில் எடுத்தார். விளிம்பில் கறுப்பு உரிந்து, சாம்பல் நிறத்தில் உருகி வழிந்த தடம் தெரிந்தது. நகத்தால் கீறினார். ஈயம் சுருண்டு வந்தது.

"எங்க வெச்சான் பாய் இத?"

நிசார் ஒரு வாளியின் காதை வளைத்துக்கொண்டிருந்தார். வளைந்து முடிந்த காதை மறுபடி நிமிர்த்தி மறுபடி வளைத்தார்.

"நீங்க வர வேணாம்னு போன் பண்ணீங்களே, அன்னிக்கு…" என்று தொடங்கிய குரு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தகட்டை இருந்த இடத்தில் வைத்தார். "வெயில் ஜாஸ்தியா இருக்குது. கெளம்பறேன்."

வைகாசியில் கடைசியாக ஒரு தடவை சேலம் போய்த் திரும்பினார்கள். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லாமல் மாம்பழக் கூடைகள். பக்ருதீன் ஜன்னலோரம், கறுப்புக் கண்ணாடியுடன். முகத்துத் தோல் இளஞ்சிவப்பாகப் புதுசாக இருந்தது. பஸ் புறப்பட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"தொப்பூர் ஏறுதா?" என்றான்.

"ஏறுது. எப்பிடிக் கண்டுபுடிச்ச?"

"பிரேக்கு வாசன. எதுக்கால எறங்கற லாரிங்க." பிறகு, "டாக்டரு உங்ககிட்ட தனியா என்னா சொன்னாரு?"

"உங்கிட்ட சொன்னதுதான்."

"எங்கிட்ட பாக்கலாம்னாரு. அதுக்கு என்னா அர்த்தம்னு உங்ககிட்ட சொல்லியிருப்பாரு."

நிசார் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வெளிச்சம் தெரியும். ஆளு நின்னா நெழலு மாதிரி தெரியும். அதுக்கு மேல…" வண்டி வளைவில் சாய்ந்தது. "வேற கண்ணு வெச்சிப் பாக்கலாமாம். வருசம் ஆவுமாம். புடிக்கும்னு சொல்ல முடியாதாம்."

"கேட்டு வேல?"

"அது ஆவாதாம் மாப்ளே."

பக்ருதீன் தலையை ஆட்டினான். ரயில் லைன் அங்கே ரோட்டுக்குப் பக்கமாக வரும். எங்கேயோ கீழே ஒரு வண்டி ஏறிக்கொண்டிருந்தது. அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, அது போய் முடியும்வரை கேட்டான்.

"கூட்ஸு," என்றான். "பாரம் ஏத்தினது."

நிசாருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "மாப்ளே, ஒண்ணு சொல்லணும். குரு அன்னிக்கு வரல. பாய்லருக்குப் பத்து வெச்சது நான். ஈயம்."

"தெரியும் மச்சான்."

"என்னா தெரியும்?"

"மறுநா சுத்தி தேடறப்ப உங்க டிராயரத் தொறந்தேன். தீப்பெட்டி இருந்துச்சு. கம்பி அப்பிடியே இருந்துச்சு." அவன் குரலில் குற்றம் எதுவும் இல்லை. கேட் சாத்தியிருக்கிறது, கொஞ்சம் பொறுங்க என்று சொல்கிற குரல். "அதுவுமில்லாம விளிம்பத் தடவிப் பாத்தாலே உங்க கைன்னு தெரியுமே. ஊர்ல யாரு பத்து அப்பிடி வழுவழுன்னு இருக்கும்?"

"தெரிஞ்சும் ஏண்டா வெளக்க ஏத்துன?"

"தண்ணி இருக்கற வரைக்கும் ஈயம் தாங்கும். மூணு சுத்துல நிறுத்திட்டு, அப்பறமா உங்களுக்குத் தெரியாம குருகிட்ட மாத்திக்கலாம்னு இருந்தேன்."

"நிறுத்தியிருக்கலாமில்ல. நான் சொன்னா? நான் யாரு அதுல?"

பக்ருதீன் அவர் பக்கம் திரும்பினான். "மூணு வருசமா அது ஓடும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னதில்ல மச்சான். அன்னிக்குத் தெருவெல்லாம் போயி எங்கூட்டுப் பையன் ரயில் வுட்டுருக்கறான்னு கூப்ட்டு வந்தீங்க. அத எப்பிடி நிறுத்தறது?"

பஸ் மேட்டில் ஏறிச் சமதளத்துக்கு வந்தது. கண்டக்டர் டோல்கேட் ஆள் இருக்கா என்று கேட்டுக்கொண்டே போனார். நிசார் அகமது துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற அம்மாள் வாந்தி வருகிறதோ என்று பயந்து தன் மாம்பழக் கூடையை நகர்த்தினாள்.

வீட்டில் பரிதா களி கிண்டிக்கொண்டிருந்தாள். தம்பியைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வந்த புருஷனிடம், "டாக்டரு என்ன சொன்னாரு" என்று கேட்டாள். அவர் அதையும் சொன்னார், அடுத்ததையும் சொன்னார். அவள் துடுப்பை நிறுத்தவில்லை. களி கட்டிவிட்டால் எடுக்க முடியாது.

"வெள்ளி வெக்கணும்னு அவன் சொன்னான்."

"சொன்னான்."

"எனக்கே கேட்டுச்சு. சொன்னான்." நாலு சுற்று கிண்டினாள். "நீங்க ஈயம் வெச்சீங்க."

"ஆமா."

"நா வேற ரெண்டு மாசமா அந்த எஞ்ஜினத் திட்டிட்டு இருந்தனே."

அதற்குப் பிறகு அவள் அவருக்கு மூன்று வேளையும் தட்டு வைத்தாள். களியின் நடுவில் குழி செய்து கீரை ஊற்றுவதில்கூட ஒரு குறை வைக்கவில்லை. பேச்சு மட்டும் வைக்கவில்லை. ஜமாத்தில் யாராவது எப்படி நடந்தது என்று கேட்டால் நிசாரே சொல்லிவிடுவார்: "என் பத்து பிரிஞ்சிடுச்சு." கேட்டவர்கள் அதை வருத்தத்தில் பேசுகிற பேச்சு என்று எடுத்துக்கொண்டார்கள். யாரும் நம்பவில்லை.

ஆடிக் காற்று தொடங்கி, பட்டறைக் கூரை தடதடத்துக்கொண்டிருந்த ஒருநாள் மத்தியானம், பக்ருதீன் சுவரைத் தடவிக்கொண்டு முன்பக்கம் வந்தான். ரயில்வேயில் வேறு வேலை கொடுப்பதற்கு எழுதிப் போயிருந்தது, பதில் வரவில்லை. முக்காலியை அவனாகவே காலால் தேடி உட்கார்ந்தான்.

"எஞ்ஜின எங்க வெச்சிருக்கீங்க?"

"எது?"

"மச்சான். பழைய இரும்புக்குப் போட உங்களுக்கு மனசு வராது. எந்தக் குதிர்ல?"

நிசார் மூடியைத் திறந்து கோணியோடு எடுத்து அவன் மடியில் வைத்தார். அவன் புகைபோக்கியிலிருந்து ஆரம்பித்துப் பின்பக்கம்வரை மெதுவாகத் தடவினான். திறந்து கிடந்த பாய்லர் வாயில் விரல் நின்றது. கடந்து போயிற்று.

"இது குருகிட்ட போவட்டும். வெள்ளி வெக்கட்டும்."

"நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"டெண்டர் பாக்கி இருக்குது. நாலு பக்கத் தகடும் வெட்டி வெச்சிருக்கறேன், அந்தத் துணி மூட்டையில. அது வெறும் பச்சத் தண்ணி நிக்கற பொட்டி, சூடு கெடையாது. ஈயம் போதும்." எஞ்ஜினை அவர் பக்கம் நீட்டினான். "அது நீங்கதான் வெக்கணும். ஒழுகக் கூடாது."

நிசார் எஞ்ஜினை வாங்கிக் கோணி மேல் வைத்தார். "எங்கையத் திருப்பித் தொடச் சொல்றியா?"

"வேற யாரத் தொடச் சொல்றது? தர்மபுரியில வேற யாரு இருக்கறா?"

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. பரிதா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சத்தம் மறுபடி தொடங்கியது, முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக.

நிசார் துணி மூட்டையை அவிழ்த்தார். பக்கத் தகடுகளில் ரிவெட் எல்லாம் முடிந்து வரிசையாக நின்றன. அடித்தகட்டில் ஒரு ஓரத்தில் நாற்பத்தொன்பது. மீதி வெறும் பித்தளை. அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் புள்ளி புள்ளியாகப் பென்சிலில் குறித்து வைத்திருந்தான். இரும்பை அடுப்பில் சொருகினார்.

"அடித்தகட்டுல மிச்ச ரிவெட்டு வேணாம் மச்சான். என்னால ஆவாது. அப்பிடியே வெச்சிப் பத்திடுங்க," என்றான் பக்ருதீன். "அடியில யாரு பாக்கப் போறா."

குத்திக் காட்டுகிற பேச்சு இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் யோசித்துப் பார்த்து, அது சரிதான் என்று முடிவு செய்து சொன்ன பேச்சு.

நிசார் இரும்பை வெளியே எடுத்தார். நுனி பழுத்துச் சிவந்திருந்தது. அதை வாளித் தண்ணீரில் நனைத்தார். சொய்யென்றது.

"என்னா மச்சான் சத்தம்?"

"கரி சரியில்ல. இரும்பு காயல. நாளைக்கு வெச்சிக்கலாம்."

பக்ருதீனுக்குக் காய்ந்த இரும்பின் சத்தம் தெரியாததல்ல. "சரிங்க," என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனான்.

மறுநாள் மத்தியானம் ளுஹர் தொழுகை முடித்து வந்த நிசார் பட்டறைக் கதவில் ஒரு பக்கத்தைச் சாத்தினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். மூலையில் பக்ருதீன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, முதலில் எண்ணெய் டின் துண்டு ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். முதல் தட்டில் ஊசி தகரத்தைக் கிழித்து மறுபக்கம் வந்துவிட்டது. ஓட்டை. இரண்டாவது தட்டில் ஒன்றுமே புடைக்கவில்லை. வாளி அடித்த கை அது. கடுகளவு பலத்தைப் பிரித்துக் கொடுக்க அதற்குத் தெரியவில்லை. பதினேழு ஓட்டை விழுந்த பிறகு பதினெட்டாவது கடுகாக நின்றது. அதைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் பத்துத் தட்டினார்.

பிறகு அடித்தகட்டை எடுத்துக் குப்புறப் போட்டு, அவன் விட்ட இடத்தில் ஊசியை வைத்தார். டொக். நகர்த்தினார். டொக்.

வெளியே தீர்த்தகிரியின் குரல் கேட்டது. "பாய், குதிர் ரெடியா?" சாத்திய கதவைப் பார்த்துவிட்டு, "தொழுவப் போயிருக்கறாரு போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார். நிசார் குரல் கொடுக்கவில்லை. ஊசி புள்ளியில் நின்றிருந்தது. டொக்.

உள்ளேயிருந்து பரிதா ஒரு டம்ளர் டீ கொண்டுவந்தாள். அவர் மடியில் இருப்பதைப் பார்த்தாள். எந்தப் பக்கத்துத் தகடு என்று பார்த்தாள். டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஆறிடப் போவுது" என்றாள். வைகாசிக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவர் தலையை ஆட்டினார். நிமிர்ந்தால் எண்ணிக்கை விட்டுப் போகும்.

நூறு, நூற்றுப் பத்து, நூற்று நாற்பது. டீ ஆறி ஆடை கட்டியது. சாயங்காலத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது. கடைசி வரிசை முடிந்ததும் தகட்டைத் திருப்பினார். நெட்டு நெடுகக் கடுகுகள் வரிசை பிடித்து நின்றன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கட்டை விரலை முதல் புடைப்பின் மேல் வைத்து ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போனார். மூன்றாவது வரிசையில் ஓரிடத்தில் விரல் லேசாக இறங்கியது.

கண்ணைத் திறக்காமல் அங்கேயே நகத்தை அழுத்தி வைத்துக்கொண்டு, மற்ற கையால் தகட்டைத் திருப்பி, ஊசியைத் தேடி எடுத்தார்.